குப்பையை எண்ணுகிற வேலை: ‘நான் யார்?’ பற்றிச் சில குறிப்புகள்

ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ சட்டைப் பையில் அடங்கிவிடுகிற புத்தகம். தாம்பரத்தில் ரயிலேறினால் பீச் ஸ்டேஷன் வருவதற்குள் நிதானமாக ஒரு முறை படித்து முடித்துவிடலாம். நான் பல முறை அப்படிப் படித்திருக்கிறேன். ஆனால் அத்தனை முறையும் பாதியைத்தான் படித்திருக்கிறேன் என்று போன மாதம்தான் உறைத்தது. இந்தப் பதிவு அந்த மறுபாதியைப் பற்றி.

உறைத்ததற்குக் காரணம் ஒரு சின்ன சம்பவம். சேலையூர்ப் பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாசிப்பு நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். அன்றைக்கு எடுத்துக்கொண்டது ‘நான் யார்?’ நூலின் முதல் பகுதி. உடம்பு நான் இல்லை, பொறிகள் நான் இல்லை, மூச்சு நான் இல்லை, மனசும் நான் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிற அந்தப் பட்டியல். ஒரு மணி நேரம் நல்ல விவாதம். ஒரு பெரியவர் ரொம்பத் தெளிவாக விளக்கினார்.

முடித்துவிட்டு வெளியே வந்தால் லிஃப்ட் வாசலில் சத்தம். மாடிப்படி பெருக்குகிற அம்மா குப்பை வாளியோடு லிஃப்டில் ஏறிவிட்டார். வேலையாட்கள் படியில்தான் ஏற வேண்டும் என்று எங்கள் சங்கத்தில் ஒரு விதி. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், போக வேண்டியது ஐந்தாவது மாடி. சத்தம் போட்டவர், ஐந்து நிமிஷம் முன்னால் உடம்பு நான் இல்லை என்று விளக்கிய அதே பெரியவர். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். நாங்கள் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான்.

பக்கத்தில் நின்ற நண்பர் மெதுவாகச் சொன்னார்: “விடுங்க சார். பிறர் காரியத்துல மனசை விடக் கூடாதுன்னு பகவானே சொல்லியிருக்காரே.”

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து அப்படி ஓர் இடம் உண்டா என்று தேடினேன். உண்டு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்தபோதுதான் சங்கடம் ஆரம்பித்தது.

ஒரு நூல், பல வடிவங்கள்

முதலில் இந்த நூல் எப்படி உருவானது என்று பார்த்துவிடலாம். எனக்கு வேலை மென்பொருள். ஒரு கோப்புக்கு நாலு வடிவம் இருக்கிறது என்றால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

சுமார் 1902-இல் ம. சிவப்பிரகாசம் பிள்ளை என்ற தத்துவப் பட்டதாரி அலுவல் நிமித்தமாகத் திருவண்ணாமலைக்கு வருகிறார். தென்னார்க்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறை ஊழியர். மலைமேல் விரூபாட்ச குகையில் இருக்கும் இளைஞரைப் போய்ப் பார்க்கிறார். ரமணருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அவர் அந்தக் காலத்தில் பேசுவதில்லை. விரதம் என்று இல்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிள்ளை கேட்கக் கேட்க சைகையில் பதில் வருகிறது. புரியாதபோது எழுதிக் காட்டுகிறார்.

பிள்ளை குறித்து வைத்தபடி கேள்விகள் 13. அவை அச்சேறியது 1923-இல், அதாவது ஏறக்குறைய இருபது வருடம் கழித்து. வாழ்க்கையின் ஒரு நெருக்கடியில் ரமணரின் அருள் தன்னை எப்படிக் காப்பாற்றியது என்று பிள்ளையே எழுதிய பாடல்களும் அதோடு சேர்ந்து வந்தன. அப்புறம் வந்த பதிப்புகளில் சிலவற்றில் 30 கேள்விகள், சிலவற்றில் 28. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது 28 கேள்வி வடிவத்தை. இவை போக, கேள்விகளே இல்லாமல் கட்டுரையாக ஒரு வடிவம் இருக்கிறது. அது ரமணரே தன் கைப்பட ஒழுங்குபடுத்தி எழுதியது.

ஆக, குறித்து வைத்தவரின் வடிவம் ஒன்று, வளர்ந்த வடிவங்கள் சில, ஆசிரியரே உட்கார்ந்து திருத்திய வடிவம் ஒன்று. ஆசிரியர் எதை முக்கியமாக நினைத்தார் என்று தெரிய வேண்டுமானால் கடைசி வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் அவர் எதை எங்கே வைத்திருக்கிறார் என்பதே ஒரு செய்தி.

பட்டியல் யாருடையது?

எங்கள் வாசிப்பில் ஒரு மணி நேரம் ஓடியது அந்த ‘நான் இல்லை’ பட்டியலில்தான். ஏழு தாதுக்களால் ஆன உடம்பில் தொடங்கி, ஞானேந்திரியம் ஐந்து, கர்மேந்திரியம் ஐந்து, பிராணன் முதலிய வாயுக்கள் ஐந்து, மனம், உறக்கத்தில் மிஞ்சும் அறியாமை என்று அது நீளும். ‘நான் யார்?’ என்றாலே பலருக்கு ஞாபகம் வருவது இந்தப் பட்டியல்தான். மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் ரமண பக்தர்கள் வட்டத்திலேயே வழங்கி வருகிற ஒரு செய்தி இருக்கிறது. இந்தப் பட்டியலை ரமணர் சொல்லவில்லை. சாத்திரம் படித்த பிள்ளை, விளக்கமாக இருக்கட்டும் என்று தானே சேர்த்தார். ரமணருடைய விடை இத்தனை நீளம் இல்லை, அறிவு எதுவோ அதுதான் நான் என்பதோடு அது முடிந்துவிட்டது. கட்டுரை எழுதும்போது ரமணர் பட்டியலை நீக்கவில்லை. அப்படியே இருக்க விட்டுவிட்டார்.

இந்தச் செய்தியை நம்பாதவர்களுக்கு நூலுக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்கிறது. பின்னால் ஓர் இடத்தில் தத்துவங்களை எண்ணுவதைப் பற்றிப் பேச்சு வருகிறது. அங்கே ரமணர் சொல்கிற உவமை குப்பை. வாரி வெளியே கொட்ட வேண்டிய குப்பையை யாராவது உட்கார்ந்து ஆராய்வார்களா? ஆராய்வதால் என்ன லாபம்? அது போலத்தான், தன்னை அறிய வந்தவன் தன்னை மறைத்துக்கொண்டிருக்கும் தத்துவங்களை எண்ணிக்கொண்டும் குணம் பார்த்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பது.

முதல் பக்கத்தில் எண்ணிக்கை, பின்பக்கத்தில் எண்ணாதே என்கிற அறிவுரை. இரண்டும் ஒரே நூலில். இதை முரண்பாடு என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். எங்கள் தொழிலில் ஒருவர் எழுதிய பகுதியை அழிக்க மனசில்லாமல் விட்டுவைத்து, கீழே “இதை நம்பி இருக்காதீர்கள்” என்று குறிப்பு எழுதுவோம். குப்பை உவமை எனக்கு அப்படி ஒரு குறிப்பாகத்தான் படுகிறது. நாங்கள் என்ன செய்தோம்? குறிப்பைப் படிக்காமல் ஒரு மணி நேரம் குப்பையை எண்ணினோம். அப்புறம் வெளியே வந்து, நிஜமான குப்பையைச் சுமந்த அம்மாவைப் படியேற்றி அனுப்பினோம்.

வாசலில் காவலாளி இல்லாத நூல்

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஆத்ம விசாரம் சொல்லுகிற நூலில் ஒழுக்கத்தை ஏன் தேட வேண்டும்? அது வேறு துறை இல்லையா?

வேதாந்த மரபு அப்படி நினைக்கவில்லை. பெரும்பாலான வேதாந்தப் பாட நூல்கள் வாசலிலேயே ஒரு காவலாளியை நிறுத்தி வைத்திருக்கும். இந்த நூலைப் படிக்கத் தகுதியுள்ளவன் யார் என்பதுதான் முதல் பேச்சு. சங்கரர் பெயரில் வழங்கும் ‘தத்துவபோதம்’ சாதன சதுஷ்டயத்தில்தான் ஆரம்பிக்கும். நிலையானது எது, நிலையில்லாதது எது என்கிற பகுத்தறிவு, பற்றின்மை, மன அடக்கம் பொறுமை முதலிய ஆறு குணங்கள், விடுதலை வேட்கை. இந்த நாலும் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். தமிழில் தாண்டவராய சுவாமிகளின் ‘கைவல்ய நவநீத’மும் இந்த நாலையும் பேசாமல் நகர்வதில்லை. ஒழுக்கம் அங்கே முன்தேவை. அது இல்லாமல் வருகிறவனுக்கு ஞானம் சொன்னால் விபரீதமாகிவிடும் என்பது பழைய ஆட்களின் அனுபவம்.

‘நான் யார்?’ நூலில் இந்தக் காவலாளி இல்லை. கேட்டவர் ஓர் அரசாங்க ஊழியர். நீ சந்நியாசியா, என்ன படித்திருக்கிறாய், குரு யார் என்று எதுவும் கேட்கப்படவில்லை. கேள்வி வந்தது, பதில் வந்தது. இதுதான் இந்த நூலின் பெரிய கொடை. ஜாதி, பாஷை, சமஸ்கிருதப் பயிற்சி என்று எதுவும் தேவையில்லாமல் யார் வேண்டுமானாலும் நேராக உள்ளே வரலாம். 1934-இல் பால் பிரண்டனின் ஆங்கிலப் புத்தகம் வந்த பிறகு உலகம் முழுக்க ரமணரின் பெயர் பரவியதற்கு இந்தத் திறந்த வாசலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் காவலாளி இல்லாத வாசலில் ஒரு பிரச்னை உண்டு. உள்ளே வந்தவன் முதல் அறையிலேயே உட்கார்ந்துவிடலாம். இன்றைக்கு ஆத்ம விசாரம் என்ற பெயரில் இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதி இந்த முதல் அறைதான். இருபது நிமிஷம் கண்ணை மூடு, எண்ணம் வந்தால் இது யாருக்கு வந்தது என்று கேள், மனசு அமைதியாகும், ஆபீஸ் டென்ஷன் குறையும். குறையத்தான் செய்கிறது, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் டென்ஷன் குறைந்த மனிதன் லிஃப்ட் வாசலில் எப்படி நடந்துகொள்கிறான் என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை.

நூல் கேட்கிறது. வாசலில் கேட்கவில்லை, வெளியே போகிற வழியில் கேட்கிறது.

முதலும் கடைசியும்

ரமணர் கட்டுரையாக எழுதியபோது முகப்பில் ஒரு பத்தியைச் சேர்த்தார். பிற்பாடு கேள்வி-பதில் பதிப்புகளிலும் அது முன்னுரை மாதிரி இடம்பிடித்துவிட்டது. அந்தப் பத்தி ‘நான்’ என்று ஆரம்பிக்கவில்லை. எல்லா உயிர்களும் துன்பமில்லாமல் இருக்க விரும்புகின்றன, எல்லாருக்கும் தன்மேல் அளவில்லாத பிரியம் இருக்கிறது என்பதுதான் முதல் கருத்து. ஆத்ம விசாரத்துக்கான காரணமே அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது.

இதை எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது நிறுத்திப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. என் சுகம் எனக்கு எவ்வளவு பிரியமோ, அதே அளவு அவரவர் சுகம் அவரவருக்குப் பிரியம். ஐந்து மாடி ஏறுகிற அம்மாவின் முழங்காலும் வலியில்லாமல் இருக்கத்தான் விரும்புகிறது. தேடலின் தொடக்கப்புள்ளி என் தனி விசேஷம் இல்லை, எல்லா உயிர்களுக்கும் பொதுவான ஒன்று.

கட்டுரையின் முடிவுப் பகுதிக்கு வருவோம். நண்பர் சொன்ன கருத்து இருப்பது இங்கேதான். 28 கேள்விப் பதிப்பில் இந்தப் பகுதி நடுவில் ஒரு பதிலுக்குள் புதைந்து கிடக்கும். கட்டுரையிலோ முடிவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் வரிசையை என் வார்த்தையில் சொல்கிறேன்.

நல்ல மனம், கெட்ட மனம் என்று இரண்டு மனம் கிடையாது. வாசனைகள்தான் நல்லதும் கெட்டதும். மனசை உலக விஷயங்களிலும் பிறருடைய காரியங்களிலும் ஓட விடக் கூடாது. மற்றவர்கள் எத்தனை மோசமானவர்களாகத் தெரிந்தாலும் அவர்களை வெறுக்கக் கூடாது. விருப்பு, வெறுப்பு இரண்டையுமே விட வேண்டும். பிறருக்குக் கொடுப்பது எதுவானாலும் அது தனக்கே கொடுத்துக்கொள்வது. இதைப் புரிந்துகொண்டவன் கொடுக்காமல் இருக்க மாட்டான். நாம் எவ்வளவு பணிவாக நடக்கிறோமோ அவ்வளவு நல்லது.

நண்பர் எடுத்துக்கொண்டது இதில் ஒரு துண்டு. அது நிற்கிற இடத்தைப் பாருங்கள். முன்னால் இருப்பது, யாரையும் கெட்ட மனம் உள்ளவன் என்று முத்திரை குத்தாதே என்பது. பின்னால் இருப்பது, வெறுக்காதே, கொடு, பணிந்து நட. இந்த நாலுக்கும் நடுவில் வரும்போது ‘பிறர் காரியம்’ என்பதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்? அடுத்தவன் வீட்டில் என்ன நடக்கிறது, எவன் எவ்வளவு சம்பாதிக்கிறான், யாருக்கு என்ன யோக்கியதை என்று மேய்கிற மனசு. அதைத்தான் இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார். கண்ணெதிரே ஒருவர் சிறுமைப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள அது அனுமதிச் சீட்டு இல்லை. சொல்லப்போனால் யார் லிஃப்டில் ஏறலாம், யார் ஏறக் கூடாது என்று கணக்கு வைப்பதுதான் பிறர் காரியத்தில் மனசை விடுகிற வேலை. மனசை விட்டது அந்தப் பெரியவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த விதி நிறைவேறிய சங்கக் கூட்டத்தில் கையைத் தூக்கியவர்களில் நானும் ஒருத்தன்.

பணிவு பற்றிய வாக்கியத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அதன் எழுவாய் ‘நாம்’. நாம் பணிந்து நடந்தால் நல்லது. இதை ‘நீ’ என்று மாற்றினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். நம் ஊரில் பணிவு என்ற சொல் பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்வது. நூல் அதைச் சொல்லவில்லை. படிக்கிறவன் தன்மேல் போட்டுக்கொள்ள வேண்டியதை அடுத்தவர்மேல் போட்டால் அது உபதேசம் இல்லை, அதிகாரம்.

ரயிலும் மூட்டையும்

இதே கதிதான் இந்த நூலின் புகழ்பெற்ற ரயில் உவமைக்கும். எவ்வளவு பாரம் போட்டாலும் கடவுள் சுமக்கிறார். ரயில் எல்லாப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு போகும்போது, அதில் ஏறி உட்கார்ந்த நாம் நம் சின்ன மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும்?

சொன்னவர் ரயில் பயணம் தெரிந்தவர். பதினாறு வயதில் மதுரையில் ரயிலேறி, கையில் இருந்த காசு போதாமல் நடுவில் நடந்து, கடுக்கனை அடகு வைத்து, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் வந்து இறங்கியவர். உவமை அத்தனை இயல்பாக இருப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

தினமும் ரயிலில் போகிறவனாக ஒன்று சொல்கிறேன். மூட்டையை இறக்கி வை என்றால் ரயிலின் தரையில் வை, அல்லது மேலே பலகையில் வை. பக்கத்து சீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு “நான் சரணாகதி அடைந்துவிட்டேன்” என்று சொல்ல முடியாது. கவலையைக் கடவுளிடம் விடுவது வேறு, வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது வேறு. ரமணர் இறக்கச் சொன்னது ‘நான் சுமக்கிறேன்’ என்கிற நினைப்பை. செய்ய வேண்டிய காரியத்தை இல்லை. வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை மனைவியிடமோ தங்கையிடமோ விட்டுவிட்டு, எல்லாம் அவன் செயல் என்று கண்ணை மூடுகிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். சில வருடங்கள் நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த வருடங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த உவமை இதுதான் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எழுதியவர் எப்படி நடந்தார்

ஒரு நூலின் பொருளில் சந்தேகம் வந்தால் எழுதியவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்ப்பது ஒரு வழி. ரமணர் விஷயத்தில் சாட்சிகள் நிறைய.

1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்தார்கள். அப்போது ஆசிரமம் என்பதே ஓலைக் கொட்டகைதான், எடுத்துப் போக ஒன்றும் பெரிதாக இல்லை. ரமணர் அவர்களை உள்ளே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் கேட்டபோது விளக்கும் கொடுக்கச் சொன்னார். வெளியே வரும்போது அவருக்கும் தொடையில் அடி விழுந்தது. திருப்பி அடிக்கக் கிளம்பிய சீடரைத் தடுத்து, அவர்கள் வழியை அவர்கள் பார்க்கட்டும், நம் தர்மத்தை நாம் விட வேண்டாம் என்ற பொருளில் பேசியதாக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கெட்டவராகத் தெரிபவரையும் வெறுக்காதே என்பது அவருக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை.

இன்னொரு சாட்சி சமையலறை. விடியற்காலையில் எழுந்து காய் நறுக்குவார், அரைப்பார், கிளறுவார். சமையலில் உதவிய சம்பூர்ணம்மாள், சாந்தம்மாள் போன்ற பெண்களின் நினைவுகளைப் படித்தால், மற்றவர்களுக்குப் பரிமாறாத எதையும் தனக்குத் தனியாகப் பரிமாற அவர் விட்டதில்லை என்பது திரும்பத் திரும்ப வரும். கீழே சிந்திய தானியத்தைக்கூடப் பொறுக்கி எடுப்பார். இங்கே தத்துவமும் சோற்றுப் பந்தியும் வேறு வேறு இல்லை.

ஆனால் இதே பந்தியில் ஒரு நெருடலும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு விருப்பமில்லை. ஆசிரமச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆசாரம் பார்க்கும் பிராமணர்கள் உட்கார ஒரு தடுப்பு இருந்தது. தடுப்புக்கு ஒருபுறம் அவர்கள், மறுபுறம் மற்றவர்கள். ரமணர் இரண்டிலும் சேராமல் பொதுவான இடத்தில் உட்காருவார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. அவர் தனக்கு எந்த ஜாதி ஆசாரமும் வைத்துக்கொள்ளவில்லை. ஆரம்ப காலத்தில் ஊருக்குள் பிச்சையெடுத்துச் சாப்பிட்டவர். ஆனாலும் தடுப்பு இருந்தது.

இதற்கு பக்தர்கள் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். அவர் யாரையும் மாற்ற வற்புறுத்தியதில்லை, ஆசாரம் வேண்டும் என்றவர்களுக்கு இடம் கொடுத்தார், அவ்வளவுதான் என்பார்கள். அவருடைய சுபாவத்தை இது விளக்குகிறது. அந்தத் தடுப்பின் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு இது பதிலாகுமா என்பது வேறு விஷயம். அவரவர் தன்னைத் திருத்திக்கொண்டால் போதும் என்கிற ஒழுக்கம், ஒரு ஏற்பாட்டைத் திருத்த வேண்டிய இடத்தில் தயங்கி நிற்கிறது. ‘நான் யார்?’ நூலின் எல்லை இது என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே மாவட்டத்தில் இன்னொரு வழி

அந்த எல்லை கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் இன்னொரு நூலை வைத்துப் பார்க்கலாம். அதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். சிவப்பிரகாசம் பிள்ளை வேலை பார்த்த அதே தென்னார்க்காட்டில் இருந்தது வடலூர். பிள்ளை குகைக்குப் போவதற்கு முப்பத்தைந்து வருடம் முன்னால், 1867 மே 23 அன்று, ராமலிங்க வள்ளலார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் என்ன ஜாதி என்று கேட்காமல் பசித்து வந்தவருக்குச் சோறு.

அவருடைய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ உரைநடை நூல். அங்கே வரிசை வேறு. ரமணரிடம் விசாரம் முதலில், மனம் அடங்க அடங்கக் கொடுப்பது தானாக வரும். வள்ளலாரிடம் இரக்கம் முதலில். மற்றோர் உயிரின் பசியைக் கண்டு மனசு உருகாதவனுக்கு அருள் விளங்காது, முக்திக்கான சாவியே அந்த இரக்கம்தான் என்பது அவர் வாதம். ரமணர் ஒரு பத்தியில் முடித்ததை வள்ளலார் ஒரு நூலாக விரிக்கிறார். பசி வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று அங்கம் அங்கமாக எழுதுகிறார். ‘நான் யார்?’ நூலில் உணவைப் பற்றி வருவது, சாத்விகமாகவும் அளவாகவும் சாப்பிடுவது மனசுக்கு நல்லது என்கிற நியமம்தான். அது சாப்பிடக் கிடைத்தவனுக்கான அறிவுரை. அடுத்தவன் பசி அதில் நேரடியாக வருவதில்லை.

இருவரில் யார் பெரியவர் என்று பட்டிமன்றம் வைக்க எனக்கு ஆசையில்லை. தகுதியும் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு எதிரெதிர்த் திசையிலிருந்து வருகிறார்கள். பிறருக்குக் கொடுப்பது தனக்கே கொடுப்பது என்று ரமணர் வந்து முடிக்கிற இடத்தில்தான் வள்ளலார் அடுப்பு மூட்டி ஆரம்பிக்கிறார். ரமணரைப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஒற்றுமை கண்ணில் படாது. கடைசி வரை படித்தால், வடலூர் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்.

எங்கள் மாடிப்படி

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பில் ஒரு யோசனை சொன்னேன். இந்த நூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கலாமா? முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். குப்பை உவமையைப் படித்தோம், அந்தக் கடைசிப் பத்தியைப் படித்தோம். ‘நாம்’ என்ற எழுவாயைப் பற்றி நான் சொன்னபோது அந்தப் பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில், “அன்னைக்கு நீங்க அங்கதானே நின்னீங்க? அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார்.

அது நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. வெறுப்பில்லாமல் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். வெறுப்பு இருந்தது, அதைவிட அதிகமாக பயம் இருந்தது. இரண்டும் யாருக்கு வந்தது என்று விசாரித்துப் பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது வராத ‘நான்’, லிஃப்ட் வாசலில் முழு உருவத்தில் வந்து நின்றது. அப்போது பார்த்து நான் விசாரத்தை விட்டுவிட்டேன்.

விதி இன்னும் மாறவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை நீக்கக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரியவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த அம்மா இப்போதும் படியில்தான் ஏறுகிறார்.